வலிமை மட்டும் போதுமா?



சிதம்பரத்தில் தேர் வடம் பிடித்திருக்கிறீர்களா? வடம் எத்தனை பேர் இழுத்தாலும் தாங்கும். ஆனால் அதைக் கொண்டு தேரைத் தள்ள முடியாது, துவண்டுவிடும். இழைகளைப் பிசினில் பதித்து இறுகவிட்டால் இழுவையையும் அழுத்தத்தையும் தாங்கும். கடலூர் துறைமுகத்தில் நிற்கும் ஃபைபர் படகு, கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த இத்தகைய கூட்டுப்பொருளே. நம் எலும்பும் அப்படித்தான்: கொலாஜன் என்ற புரத இழைகளில் கால்சியம் பாஸ்பேட் படிகங்கள் பதிந்தது.

இடுப்பு மூட்டு தேய்ந்தவர்களுக்குச் செயற்கை மூட்டுப் பொருத்துகிறார்கள். எஃகுப் பந்தும் பாலிஎத்திலீன் கிண்ணமும் கொண்ட மூட்டை 1962-இல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி பொருத்தி வழிகாட்டினார். பந்தைத் தாங்கும் தண்டு தொடை எலும்பினுள் இறங்குகிறது. இன்றும் அது பெரும்பாலும் உலோகமே. அதன் வலிமையில் குறை இல்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது.

எஃகின் யங் குணகம் எலும்பினுடையதைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கு. டைட்டானியக் கலவையினுடையது ஏறத்தாழ ஆறு மடங்கு. இரண்டும் சேர்ந்து சுமக்கும்போது விறைப்பானதே பெரும்பங்கை ஏற்கும். வேலை குறைந்த எலும்பு மெலியும். நாளடைவில் தண்டு தளர்ந்தால் மீண்டும் அறுவைச் சிகிச்சைதான். முப்பது வயதில் மூட்டை இழந்த மீனவர் ஒருவர் இன்னும் எத்தனை ஆண்டுகள் படகு தள்ள வேண்டும்!

அப்படியானால் நெகிழும் தண்டு போதுமா? 1970-களில் சுவிட்சர்லாந்தின் ராபர்ட் மாதிஸ் எஃகுக் கம்பிக்குப் பிளாஸ்டிக் உறையிட்டுப் பார்த்தார். நெகிழ்வு மிகுந்ததால் தண்டு எலும்பினுள் அசைந்தது, பலருக்குத் தளர்ந்துபோயிற்று.

ஆகவே, எந்த இடத்தில் எவ்வளவு விறைப்பு என்பதே கேள்வி. கார்பன் இழையைப் 'பீக்' என்ற பிளாஸ்டிக்கில் பதிக்கும்போது, இழையின் திசையையும் அளவையும் மாற்றி விறைப்பை நாமே அமைக்கலாம். கூட்டுப்பொருளின் பக்கம் நான் சாய்வது இதனால்தான்.

நம் நாட்டில் முன்மாதிரியும் உண்டு. ஐதராபாத்தில் அப்துல் கலாம், நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவன மருத்துவர்களுடன் சேர்ந்து, ஏவுகணைக்கான கூட்டுப்பொருளால் கால் ஊனமுற்ற சிறுவர்களுக்குக் காலிப்பர் செய்தார். 3 கிலோவுக்கு மேல் இருந்தது 300 கிராமாகியது. ஆனால் காலிப்பர் பழுதானால் கழற்றிவிடலாம். உடலுக்குள் வைத்த தண்டை அப்படிக் கழற்ற முடியாது. எனவே பல்லாண்டுச் சோதனை தேவை, அவசரம் ஆகாது.

இப்பணி இயற்பியலாரால் மட்டும் ஆகாது, மருத்துவரால் மட்டும் ஆகாது. சிதம்பரம் அண்ணாமலை நகரில் பொறியியல் புலமும் மருத்துவக் கல்லூரியும் அருகருகே இருக்கின்றன. இயற்பியல் படிக்கப்போகிறவர்களே, உயிரியல் நூலை மூடி வைத்துவிடாதீர்கள்.