பிறக்காத குழந்தைக்கு வாழ்த்துக் கடிதம்! ஆளில்லாமல் ஓடும் விளம்பர மிஷினை அடக்குவது எப்படி?

2014-ம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவில் ஏராளமான பேருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. குழந்தை பிறந்ததற்கு வாழ்த்துச் சொல்லும் கடிதம் அது.

படித்தவர்கள் திடுக்கிட்டார்கள். அவர்கள் வீட்டில் குழந்தையே பிறக்கவில்லை!

சிலர் சிரித்தார்கள். எல்லோராலும் சிரிக்க முடியவில்லை. குழந்தை இல்லையே என்று ஏங்கிய பெண்களுக்கும் அந்த வாழ்த்து போயிற்று. கருச்சிதைந்து கண்ணீர் வடித்தவர்களுக்கும் போயிற்று.

அனுப்பியது "ஷட்டர்பிளை" என்ற கம்பெனி. போட்டோ அச்சிட்டுக் கொடுப்பது அதன் தொழில். புதிதாகக் குழந்தை பெற்றவர்களுக்கு மட்டும் போக வேண்டிய கடிதம், மற்றவர்களுக்கும் போய்விட்டது. கம்பெனி மன்னிப்புக் கேட்டது.

இது மட்டுமா?

அதே 2014 செப்டம்பரில் "பின்டரெஸ்ட்" கம்பெனி, திருமணம் நிச்சயமாகாத பெண்களுக்குத் திருமண வாழ்த்து அனுப்பியது. 2017 செப்டம்பரில் "அமேசான்", குழந்தையை எதிர்பார்க்காதவர்களுக்கு, "குழந்தைக்குப் பரிசு வருகிறது" என்ற பொருளில் கடிதம் அனுப்பியது.

2011 டிசம்பரில் "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகை ஒரு கடிதம் அனுப்பியது. சந்தாவை நிறுத்திய சுமார் 300 பேருக்குப் போக வேண்டிய கடிதம் அது. போனதோ 80 லட்சம் பேருக்கு மேல்!

2021 ஜூனில் "எச்.பி.ஓ. மாக்ஸ்" சினிமாக் கம்பெனியின் சந்தாதாரர்களுக்கு ஒரு சோதனைக் கடிதம் போய்விட்டது. அதில் விஷயமே இல்லை.

எல்லாம் பெரிய கம்பெனிகள். பணத்துக்குக் குறைவில்லை. படித்த ஆட்களுக்கும் குறைவில்லை. ஒவ்வொரு தவறுக்கும் காரணம் வேறு வேறு. ஆனால் கேள்வி ஒன்றுதான். எந்தக் கடிதம், யாருக்கு, யார் பொறுப்பில் போகிறது? இதைக் கடிதம் போவதற்கு முன்பே பார்த்துத் தெரிந்துகொள்ள வழி உண்டா?

மிஷின் எப்படி ஓடுகிறது?

ஒரு பெண் ஜவுளிக்கடையில் சேலை வாங்குகிறார். பில் போடும்போது செல்போன் நம்பரைக் கொடுக்கிறார். பிறந்த நாளையும் சொல்கிறார்.

அன்று மாலையே செல்போனில் நன்றி வருகிறது. மூன்றாம் நாள், "சேலை எப்படி இருக்கிறது?" என்று விசாரணை வருகிறது. பிறந்த நாளன்று வாழ்த்து வருகிறது. தீபாவளிக்குத் தள்ளுபடிச் செய்தி வருகிறது.

கடையில் யாரும் உட்கார்ந்து இதை எழுதவில்லை. கம்பியூட்டருக்கு முன்பே கட்டளை கொடுத்துவிட்டார்கள். "இது நடந்தால் இதை அனுப்பு. இத்தனை நாள் பொறு. பிறகு அதை அனுப்பு." இப்படிக் கோர்த்துவைத்த கட்டளைகளுக்கு "ஒர்க்புளோ" என்று பெயர். தமிழில் கட்டளை வரிசை என்று சொல்லலாம்.

கனடா நாட்டு டொராண்டோ நகரில் 1999-ல் தொடங்கிய "எலோகுவா" கம்பெனி இந்தத் தொழிலில் ஒரு முன்னோடி. 2006-ல் அமெரிக்காவில் "ஹப்ஸ்பாட்" வந்தது. நம் தமிழ்நாட்டு "ஜோஹோ" கம்பெனியும் இவ்வகை மென்பொருளை விற்கிறது.

சிக்கல் எங்கே?

முதல் மாதம் பத்துக் கட்டளை வரிசை இருக்கும். எல்லாம் கண்ணில் படும். மூன்று வருஷத்தில் அது முந்நூறு ஆகிவிடும்.

அதில் ஒன்றின் பெயர் "புதியது". இன்னொன்று "புதியது-2". மற்றொன்று "காப்பி". வேறொன்று "டெஸ்ட்". எது ஓடுகிறது? எது நின்றுவிட்டது? யாருக்கும் தெரியாது. எழுதிய ஊழியர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்.

புதிதாக வந்தவர் ஒன்றையும் நிறுத்தப் பயப்படுவார். "எதை நிறுத்தினால் எது கெடுமோ?" என்ற பயம். அதனால் பழையதைத் தொடாமல், பக்கத்தில் இன்னொன்றை எழுதுவார். குப்பை இப்படித்தான் மலையாகிறது.

அஞ்சறைப் பெட்டி வைத்தியம்

நம் வீட்டுச் சமையலறையில் அஞ்சறைப் பெட்டி இருக்கிறது. கடுகு ஓர் அறை. சீரகம் ஓர் அறை. மிளகு ஓர் அறை. அடுப்பில் எண்ணெய் காயும்போது கடுகைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

கம்பியூட்டரில் "போல்டர்" என்பது அப்படிப்பட்ட பெட்டி. "சப்-போல்டர்" அதற்குள் இருக்கும் உள்பெட்டி.

ஜவுளிக்கடை என்ன செய்யலாம்? முதலில் பெரிய பெட்டிகள்: வரவேற்பு, ரசீது, பிறந்த நாள், பண்டிகை. பண்டிகைப் பெட்டிக்குள் உள்பெட்டிகள்: பொங்கல், ஆடி, தீபாவளி. அதற்குள் வருஷம். அதோடு போதும். பெட்டிக்குள் பெட்டியாக ஏழெட்டு வைத்தால், பெட்டியைத் தேடுவதே ஒரு வேலையாகிவிடும்.

பெட்டிக்கு ஊழியரின் பெயரை வைக்கக் கூடாது. ஊழியர் போய்விடுவார். வேலை இருக்கும். ஆகவே வேலையின் பெயரையே வைக்க வேண்டும்.

ஒரு சந்தேகம் வரும். மதுரைக் கிளையின் தீபாவளிச் செய்தியை மதுரைப் பெட்டியில் போடுவதா, தீபாவளிப் பெட்டியில் போடுவதா? இரண்டும் சரியே. ஆனால் பாதியை இங்கும் பாதியை அங்கும் போட்டால் இரண்டும் கெட்டது. ஆபீசில் அடிக்கடி எழும் கேள்வி எது என்று பார்க்க வேண்டும். "தீபாவளிக்கு என்ன அனுப்பினோம்?" என்பது கேள்வியானால், தீபாவளிதான் பெரிய பெட்டி. மற்ற விவரத்தைப் பெயரில் எழுதலாம். "தீபாவளி - 2025 - மதுரை - தள்ளுபடி" என்று பெயர் வைத்தால், திறக்காமலே விஷயம் தெரியும்.

சோதனைக்குத் தனிப் பெட்டி வேண்டும். "மற்றவை" என்று ஒரு பெட்டி மட்டும் வேண்டாம். நாளடைவில் எல்லாம் அதில்தான் விழும்.

இதில் வாடிக்கைக்காரருக்கும் நன்மை உண்டு. சேலை வாங்கிய பெண்ணின் பிறந்த நாள் தீபாவளியன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டளைகள் சிதறிக் கிடந்தால், ஒரே நாளில் இரண்டு செய்தி போகும். அடுக்கி வைத்திருந்தால், இரண்டையும் பார்த்து ஒன்றை நிறுத்திவைக்கலாம்.

முக்கியமான எச்சரிக்கை

"பழையவை" என்று ஒரு பெட்டி செய்து, பழைய கட்டளைகளை அதில் போட்டால் அவை நின்றுவிடுமா?

நிற்காது! பெட்டி மனிதர் கண்ணுக்காக ஏற்பட்டது. பொதுவாக மிஷின் அதைப் பார்ப்பதில்லை. ஓடுகிற கட்டளையை எந்தப் பெட்டிக்குள் போட்டாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். முதலில் நிறுத்த வேண்டும். பிறகுதான் பெட்டிக்குள் போட வேண்டும். எரியும் கொள்ளியைப் பரணில் போட்டுவிட்டு, "எடுத்து வைத்துவிட்டேன்" என்று சொல்ல முடியுமா?

மறந்துபோன பழைய கட்டளை என்ன செய்யும் என்பதற்குப் பங்குச் சந்தையில் ஓர் உதாரணம் உண்டு.

அமெரிக்காவில் "நைட் கேப்பிட்டல்" என்ற கம்பெனி இருந்தது. பங்குகளை வாங்கி விற்க அது கம்பியூட்டரை வைத்திருந்தது. 2003-லேயே பயன்பாட்டை நிறுத்திய ஒரு பழைய கட்டளையை அவர்கள் அழிக்கவில்லை. உள்ளேயே கிடந்தது. 2012-ல் எட்டுக் கம்பியூட்டர்களுக்குப் புதுக் கட்டளை போட்டார்கள். ஒன்றை விட்டுவிட்டார்கள். ஆகஸ்டு 1-ந் தேதி காலை அந்த ஒன்றில் பழைய கட்டளை விழித்துக்கொண்டது. தறிகெட்டு வாங்கியது, விற்றது. 45 நிமிஷத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்!

சந்தை திறக்கும் முன்பே அந்தக் கம்பெனியின் மிஷின் 97 மின்னஞ்சல்களை ஊழியர்களுக்கு அனுப்பியிருந்தது. அந்தப் பழைய கட்டளையின் பெயரும் அவற்றில் இருந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை. மிஷின் கடிதம்தானே என்று இருந்துவிட்டார்கள்.

ஆகவே பெட்டி மட்டும் போதாது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும். மாதம் ஒரு முறை திறந்து பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் என்ன?

இந்தியாவிலும் இது செல்போன் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டின் பிரச்சினை.

2018-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் ஒரு விதி செய்தது. வியாபாரச் செய்தி அனுப்புகிறவர்கள் தங்கள் பெயரையும் செய்தியின் மாதிரியையும் முன்பே பதிவு செய்ய வேண்டும். 2021 மார்ச் 8-ந் தேதி இதைக் கண்டிப்பாக அமல் செய்தார்கள். பதிவோடு ஒத்துப்போகாத செய்திகள் தடுக்கப்பட்டன. பாங்குகளின் ரகசிய எண்கூட வராமல் ஜனங்கள் திண்டாடினார்கள். மறுநாளே அந்தக் கெடுபிடியை ஒரு வாரம் நிறுத்திவைத்தார்கள். எந்தெந்தச் செய்தி அனுப்புகிறோம் என்ற கணக்கைச் சரியாக வைத்திராத கம்பெனிகளின் நிலைமை அன்று வெளிச்சத்துக்கு வந்தது.

2025-ல் இன்னொரு ஏற்பாடு வந்தது. செய்தி அனுப்புகிறவர் பெயரின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். "பி" என்றால் விளம்பரம். "எஸ்" என்றால் சேவை. "டி" என்றால் பணப் பரிமாற்றம் போன்றவை. "ஜி" என்றால் அரசாங்கம். இதுவும் ஒரு பெட்டிதான்! நாட்டுக்கே பொதுவான பெட்டி. வீட்டில் பெரியவர்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கலாம். விளம்பரம் வேண்டாம் என்றால் 1909 என்ற எண்ணுக்குச் சொல்லிப் பதிவு செய்யலாம்.

2023-ல் நாடாளுமன்றம் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. படிப்படியாக அமலாகும் என்று அறிவித்தார்கள். சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம்.

ஒரு பெண் "இனி அனுப்பாதே" என்கிறார். கடைக்காரர் ஓர் இடத்தில் நிறுத்துகிறார். மறந்துபோன மூலையில் இன்னொரு கட்டளை ஓடிக்கொண்டிருக்கிறது. மறுநாள் மீண்டும் செய்தி வருகிறது. கடைக்காரர் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? சட்டத்தின் முன் அது நல்ல சமாதானமும் ஆகாது.

நம்பரைக் கொடுத்தவர் நம்பிக் கொடுத்தார். மிஷினுக்கு அவருடைய துக்கமும் தெரியாது, சந்தோஷமும் தெரியாது. அதை ஓடவிடுகிற மனிதருக்கு, எது ஓடுகிறது என்றாவது தெரிந்திருக்க வேண்டும்.