சிவந்த முகமும் ஒளிச் சிகிச்சையும்

மணமகள் தேவை விளம்பரங்களில் 'சிவந்த நிறம்' என்னும் சொல் இல்லாத ஞாயிற்றுக்கிழமை அரிது. வெளிறிய மேனியைச் சிவப்பென்று வழங்குவது நம்மவர் மரபு. அதனாற்போலும், கன்னமும் மூக்கும் உண்மையாகவே சிவந்து எரியும் நோயொன்று நம்மிடையேயும் உண்டென்பதைப் பலர் அறியார். மருத்துவர் அதனை றோசேசியா என்பர். அது வெள்ளையரின் நோய் என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தது. கருநிறத் தோலிற் சிவப்பு எளிதிற் புலப்படாது. எரிவும் கொப்புளமுமே தெரியும். ஆகவே முகப்பரு என்று விட்டுவிடுகின்றோம். வெயில், அடுப்பின் வெக்கை, உறைப்பு, சுடுதேநீர், மது, மனக்கொதிப்பு என்பன அதனைத் தூண்டுவன. சித்திரை வெயிலில் சைக்கிள் மிதிப்போருக்கும், ஆவி பறக்க ஒடியற்கூழ் குடிப்போருக்கும் இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இந்நோய்க்கு லேசர் ஒளி பாய்ச்சும் சிகிச்சை இன்று பேசப்படுகிறது. பௌதிகம் கற்பிக்கும் எமக்கு இதிலுள்ள நுட்பம் மிக்க சுவை தருவது. 1960 இல் மேமன் என்னும் அமெரிக்கர் மாணிக்கக் கல்லிலிருந்து முதல் லேசர்க் கதிரைப் பிறப்பித்தார். 1983 இல் அன்டர்சன், பரிஷ் என்னும் இருவர் அதனைத் தோலிற் பயன்படுத்தும் நெறியை வகுத்தனர். ஒவ்வொரு பொருளும் தனக்கு உவந்த நிறத்து ஒளியையே மிகுதியாக உறிஞ்சும். 595 நனோமீற்றர் அலைநீளமுள்ள மஞ்சள் ஒளியைக் குருதியிலுள்ள ஈமோகுளோபின் விரும்பி ஏற்கும். செக்கனின் மிகச் சிறு பங்கே அவ்வொளி பாய்வதால், சூடு அயலிற் பரவுமுன் விரிந்த நுண்குழாய் மட்டும் கருகிச் சுருங்கும். பின்னர் உடலே அதனை மெல்ல அகற்றிவிடும். ஐ.பி.எல். எனப்படும் மற்றொரு கருவி லேசரன்று. பல நிறங்கள் கலந்த மின்னல் போன்றது.

இனித்தான் நமக்குரிய சிக்கல் வருகிறது. நம் தோலுக்குக் கருமை தரும் மெலனினும் அதே ஒளியை உறிஞ்சும். குருதிக்குழாயைச் சேரவேண்டிய சூடு மேற்றோலிலேயே தங்கினால் கொப்புளமும், கருந்தழும்பும், சிலவேளை வெண்தழும்பும் எஞ்சும். தோலை நிறம்பற்றி வகுக்கும் பிற்ஸ்பற்றிக் அளவுகோல் 1975 இல் தோன்றியபோது வெள்ளைத் தோலுக்கே நான்கு வகைகள் கண்டது; நம் போன்றோருக்குரிய வகைகள் பின்னரே சேர்க்கப்பட்டன! மெலனின் குறைவாக உறிஞ்சும் 1064 நனோமீற்றர்க் கதிர் கருந்தோலுக்கு ஓரளவு பாதுகாப்பானது. அதனையும் முதலிற் சிறிதோரிடத்திற் பரீட்சித்தே பாய்ச்சுதல் முறை. அழகு நிலையத்தில் 'எல்லாத் தோலுக்கும் ஒன்றே' என்பாராயின், எழுந்து வந்துவிடுதல் நன்று. மேலும், பல முறை பாய்ச்சவேண்டும்; சிவப்பு மீண்டும் தோன்றவுங்கூடும். கொப்புளங்களுக்கோ மெற்றோனிடசோல் பூச்சு, டொக்சிசைக்கிளின் முதலிய மருந்துகளே பெரிதும் உதவுவன.

ஆயினும், நம் பெண்பிள்ளைகளின் முகச்சிவப்பை எண்ணும்போது ஒளியினும் கிறீமே எம்மை அதிகம் அஞ்சுவிக்கின்றது. வெள்ளையாக்கும் என்று விற்கப்படும் சில கிறீம்களில் ஸ்ரிறோயிட் கலந்துள்ளது. சில வாரங்கள் முகம் பொலியும். பின்னர் தோல் மெலிந்து, நரம்போடி, றோசேசியா போலவே எரியும். நிறுத்தினாலோ எரிவு இரட்டிக்கும். மீண்டும் பூசத் தோன்றும். இந்தியாவில் 2018 இல், இவ்வகைப் பூச்சுகள் பலவற்றை வைத்தியரின் சீட்டின்றி விற்றலாகாது என்று விதித்தனர். சிவந்த நிறம் தேடிப்போய்ச் சிவந்த முகம் பெற்ற இப்பிள்ளைகளுக்கு லேசர் முதல் மருந்தன்று. அக்கிறீமை வைத்தியரின் சொற்படி விடுவதே முதல் மருந்து.

இன்னொன்றும் உண்டு. வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல இரு கன்னங்களிலும் படரும் சிவப்பு, மூட்டு நோவும் களைப்பும் உடன்வந்தால், லூப்பஸ் என்னும் வேறொரு நோயாகலாம். அது சிறுநீரகத்தையும் தாக்க வல்லது. வெளிச்சம் பட்டால் மோசமாவது. ஆகவே பணங்கட்டி ஒளி பாய்ச்சுமுன் தோல் வைத்திய நிபுணர் ஒருவரிடம் முகத்தைக் காட்டுக. போகும்போது இதுவரை பூசிய கிறீம்கள் அனைத்தையும் ஒரு பையிலிட்டுக் கொண்டு செல்க. பெயர் ஒட்டாத சிறு டப்பாவாயினும் நாணாது எடுத்துக் காட்டுக.