காந்தம் ஒட்டுது... கரண்ட் ஏறுதா?

ரிச்சி தெருவில் இப்போது ஒரு சரக்கு சக்கைப்போடு போடுகிறது.

சோப்புக்கட்டி அளவில் ஒரு பவர் பேங்க். ஒயர் கிடையாது. போனின் முதுகில் வைத்தால் 'டப்' என்று ஒட்டிக்கொள்கிறது. தலைகீழாகப் பிடித்து ஆட்டினாலும் விழுவதில்லை. ஒட்டிய மறு நொடியே சார்ஜ் ஏறத் தொடங்குகிறது.

கடைப்பையன் ஒரு ஐபோனில் அதை ஒட்டிக் காட்டுகிறான். சுற்றி நிற்கும் கூட்டம் வாயைப் பிளக்கிறது. கூட்டத்தில் ஆபீஸ் முடிந்து ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்த ஒரு குமாஸ்தா.

"தம்பி, என் போன்ல ஒட்டுமா?"

"என்ன போன் சார்?"

போன் நீட்டப்படுகிறது. பதினாலாயிரம் ரூபாய்க்குத் தவணையில் வாங்கிய ஆண்ட்ராய்டு போன்.

"ஒட்டும் சார். இந்த ரிங்கைப் பின்னாடி ஒட்டிட்டா ஜம்முனு நிக்கும். ரிங் ப்ரீ!"

பையன் சொன்னதில் பொய் இல்லை. ஜம்மென்று நிற்கும். ஆனால் சார்ஜ் ஏறாது!

கேட்டவர் 'ஒட்டுமா' என்றுதான் கேட்டார். 'ஏறுமா' என்று கேட்கவில்லையே! இந்த ஒரு வார்த்தை வித்தியாசத்தில் போவது இரண்டாயிரம் ரூபாய். குமாஸ்தா வீட்டில் அது ஒரு மாத மளிகையில் பாதி.

காந்தம் வேறு, கரண்ட் வேறு

காந்தம் பவர் பேங்கைப் பிடித்து நிறுத்தும். அதன் வேலை அவ்வளவுதான். கரண்ட் ஏற்றுவது வேறொரு சாமான். பவர் பேங்குக்குள் செம்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. போனின் முதுகுக்குள்ளும் அதேபோல் ஒரு சுருள் இருக்கவேண்டும். இந்தச் சுருளில் கரண்ட் ஓடினால் அந்தச் சுருளிலும் கரண்ட் பிறக்கும். இரண்டும் நேருக்கு நேர் நிற்கவேண்டும் என்பதற்காகத்தான் காந்த வளையம். கொஞ்சம் விலகி நின்றாலும் கரண்ட் பாதி வழியில் சூடாகப் போய்விடும்.

போனுக்குள் சுருளே இல்லாவிட்டால்? வெளியே எத்தனை ரிங் ஒட்டினாலும் கல்லில் நார் உரிக்கிற கதைதான்.

இருபதாயிரம் ரூபாய்க்கு உள்ளே விற்கும் போன்களில் பெரும்பாலும் இந்தச் சுருள் இல்லை. தாம்பரம் ரயிலில் நிற்கும் கூட்டத்தின் கையில் இருப்பவை பெரும்பாலும் அந்த ரகம்தான். கடைக்காரருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். சொன்னால் சரக்கு நகராது.

சுருளும் காந்தமும் சேர்ந்தே உள்ள போன்கள் எவை? ஐபோனில் 2020-ல் வந்த 12-ஆம் நம்பரில் இருந்து உண்டு. ஆனால் 2025-ல் வந்த '16இ' என்ற ஐபோனில் காந்தம் கிடையாது. ஐபோன்தானே என்று நம்பி வாங்கினால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். கூகுள் கம்பெனியின் பிக்சல் 10 வரிசையில் உண்டு. சாம்சங்கின் எஸ்-25 வரிசையில் சுருள் இருக்கிறது, காந்தம் இல்லை. காந்தம் வைத்த கவரைத் தனியாக வாங்கி மாட்டவேண்டும்.

சுருள் இல்லாத போன்காரர்களுக்கு இன்னொரு பட்டையும் விற்கிறார்கள். அதைப் போனின் முதுகில் ஒட்டி, நாக்கை அடியில் உள்ள சார்ஜர் ஓட்டையில் சொருகவேண்டுமாம். ஒயர் வேண்டாம் என்று போன ஆசாமி கடைசியில் ஒயரைத்தான் சொருகிக்கொண்டு வருகிறார்!

டப்பாவில் பத்தாயிரம், போனில் எவ்வளவு?

அடுத்தது கணக்கு. குமாஸ்தாக்களுக்குப் பிடித்த விஷயம்.

டப்பாவில் '10,000 எம்.ஏ.எச்.' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். போனில் 5,000 எம்.ஏ.எச். பேட்டரி. 'அப்போ ரெண்டு தடவை ஃபுல்லா ஏத்தலாம்' என்று கணக்குப் போடுவார்கள். தப்பு.

அந்தப் பத்தாயிரம் உள்ளே இருக்கும் பேட்டரியின் அளவு. வெளியே வரும் அளவு அல்ல. உள்ளே 3.7 வோல்ட். போனுக்கு அனுப்ப அதை உயர்த்த வேண்டும். அதில் கொஞ்சம் சேதாரம். சில டப்பாக்களின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெபாசிட்டி' என்று இன்னொரு எண் இருக்கும். பத்தாயிரத்துக்கு ஆறாயிரத்துச் சொச்சம் என்று போட்டிருப்பார்கள். நாணயமான கம்பெனி என்றால் அந்த எண்ணை மறைக்காது.

அதுவும் ஒயர் வழியாக வரும் அளவு. காந்தச் சரக்கில் சேதாரம் இன்னும் அதிகம்.

இதற்கு ஐபோன் தயாரிக்கும் ஆப்பிள் கம்பெனியே சாட்சி. 2025 செப்டம்பரில் 'ஐபோன் ஏர்' என்ற மெல்லிசு போனை விட்டார்கள். அதற்கென்றே ஒரு காந்தப் பேட்டரியும் விட்டார்கள். இரண்டையும் பிரித்துப் பார்த்தவர்கள் கண்டது என்ன? போனுக்குள் இருக்கும் பேட்டரியும் அதன் முதுகில் ஒட்டும் பேட்டரியும் ஒரே அளவு! இரண்டிலும் 12.26 வாட் அவர். அப்படியானால் காலி போனை அது முழுக்க நிரப்பவேண்டும் அல்லவா? கம்பெனி கொடுக்கும் வாக்கு 65 சதவீதம் வரை மட்டுமே. மிச்சம் 35 சூடாகவும் சேதாரமாகவும் போய்விடுகிறது.

அளவெடுத்துத் தைத்த சட்டைக்கே இந்தக் கதி. பொதுச் சரக்குக்குக் கேட்கவா வேண்டும்?

தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளலாம். 5,000 எம்.ஏ.எச். போனுக்கு, பத்தாயிரம் காந்த பவர் பேங்க் ஒரு தடவை ஏற்றும். அதே பத்தாயிரத்தை ஒயர் வழியே ஏற்றினால் ஏறக்குறைய ஒன்றரை தடவை. ஐயாயிரம் காந்தச் சரக்கு பாதிதான் ஏற்றும். அது அவசரத்துக்கு ஊறுகாய் மாதிரி. அதையே சாப்பாடாக நினைக்கக்கூடாது.

சூடு

சென்னை வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஐபோனையே 35 டிகிரிக்கு மேல் உள்ள இடத்தில் உபயோகிக்க வேண்டாம் என்கிறது அதன் கம்பெனி. சென்னையில் சித்திரை, வைகாசியில் காலை பத்து மணிக்கே அந்த டிகிரி வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு முதுகில் ஒரு சூட்டு மூட்டை! போன் கொதித்தால் சார்ஜ் ஏறும் வேகம் தானாகக் குறையும். சில சமயம் 80 சதவீதத்தோடு நின்றுவிடும். 'பவர் பேங்க் டூப்ளிகேட்' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். குற்றவாளி வெயில்!

போன் கவருக்குள் ஐநூறு ரூபாய் நோட்டு, ரயில் சீசன் டிக்கெட், ஏ.டி.எம். கார்டு என்று சகலத்தையும் செருகி வைப்பது சென்னைவாசிகளின் பழக்கம். காந்தச் சரக்கு வாங்கினால் அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். நடுவில் காகிதம் இருந்தால் பிடிப்பு தளரும். கார்டு இருந்தால் அதன் கறுப்புப் பட்டையோ சிப்போ கெட்டுப்போகலாம். காசு, சாவி மாதிரி இரும்புச் சாமான் இருந்தால் அதுவே சூடேறும்.

ஒன்றை மட்டும் அலட்சியமாக விடக்கூடாது. இதயத்தில் 'பேஸ்மேக்கர்' வைத்திருப்பவர்கள் இந்தக் காந்தப் போனையும் பவர் பேங்கையும் சட்டைப் பையில் போடவே கூடாது. குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்கவேண்டும், ஒயர் இல்லாமல் சார்ஜ் ஏறும்போது 30 சென்டிமீட்டர் என்று ஆப்பிள் கம்பெனியே சொல்கிறது. சந்தேகம் இருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது. வீட்டுப் பெரியவருக்கு ஆசை ஆசையாக வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள் இதை மறக்கவேண்டாம்.

பெயர் பெற்றவர்களுக்கே இந்தக் கதி

'பெரிய கம்பெனி சரக்கு, பயமில்லை' என்பார்கள். 2025 ஏப்ரலில் அமெரிக்காவில் 'கேஸ்லி' என்ற கம்பெனியின் 5,000 எம்.ஏ.எச். காந்த பவர் பேங்குகள் 4 லட்சத்து 29 ஆயிரம் திரும்பப் பெறப்பட்டன. காரணம், உள்ளே பேட்டரி கொதித்துத் தீப்பிடிக்கும் அபாயம். இரண்டே மாதத்தில், ஜூனில், உலகம் முழுக்கப் பெயர் எடுத்த 'ஆங்கர்' கம்பெனியும் தன் ஒயர் ரகத்தில் 11 லட்சத்துக்கு மேல் அங்கே திரும்பப் பெற்றது.

பெயரும் முகவரியும் உள்ள கம்பெனி என்பதால்தான் திரும்பப் பெற்றது. பிளாட்பாரத்தில் விற்கிற, டப்பாவில் முகவரியே இல்லாத சரக்கை யார் திரும்பப் பெறுவார்கள்? தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்குகிற சாமான் அது.

இந்தியாவில் பவர் பேங்க் விற்க இந்திய தர நிர்ணய அமைவனத்தில் பதிவு கட்டாயம். டப்பாவிலோ சாமானின் முதுகிலோ அதன் முத்திரையும், 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் 8 இலக்க எண்ணும் இருக்கவேண்டும். முத்திரையை எவன் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். எண்ணைச் சரிபார்க்க 'பி.ஐ.எஸ். கேர்' என்று அரசாங்கமே இலவசச் செயலி கொடுத்திருக்கிறது. கடை வாசலில் நின்றபடியே எண்ணைத் தட்டினால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்த எண் என்று வந்துவிடும். டப்பாவில் ஒரு பேர், செயலியில் வேறு பேர் என்றால் சரக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டலாம்.

கையில் தூக்கிப் பார்த்தாலே பாதி குட்டு உடைந்துவிடும். பத்தாயிரம் என்றால் இருநூறு கிராம் அளவில் கனக்கவேண்டும். சீட்டுக்கட்டு மாதிரி மெலிசாக, இறகு மாதிரி லேசாக இருந்துகொண்டு 'இருபதாயிரம்' என்று எழுதியிருந்தால் காதில் பூ.

சரி, யார்தான் வாங்குவது?

வாங்கவே கூடாத சரக்கு அல்ல இது. சுருளும் காந்தமும் உள்ள போன் வைத்திருப்பவருக்கு இது நிஜமாகவே சௌகரியம். மாலை ஆறு மணி பீச் - தாம்பரம் வண்டியில் ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கும். இன்னொரு கையில் போன். பைக்குள் இருந்து ஒயர் தொங்கினால் யார் தோளிலோ மாட்டி இழுக்கும். அங்கே இந்தச் சோப்புக்கட்டி ஒரு வரப்பிரசாதம்.

போன் உயிரோடு இருப்பது இன்றைக்கு அரட்டைக்காக மட்டும் அல்ல. ரயில் டிக்கெட் போனில். டீக்கடைக் காசு போனில். செக்கர் வந்து நிற்கும்போது போன் அணைந்திருந்தால் 'டிக்கெட் எடுத்தேன் சார்' என்று அழுதாலும் எடுபடாது. 250 ரூபாய் அபராதம், கட்டணம் தனி.

அப்படிப்பட்டவர் வாங்கும்போது 'சீ-2' முத்திரையைத் தேடவேண்டும். ஆங்கிலத்தில் 'கியூ', 'ஐ' என்று எழுதி 'சீ' என்று படிக்கிறார்கள். யாரையும் திட்டுவது அல்ல! சீன மொழியில் சக்தி என்று அர்த்தமாம். இந்த முத்திரை இருந்தால் 15 வாட் வரை ஏறும். இல்லாமல் வெறுமனே 'மேக்னடிக்' என்று போட்டிருந்தால் ஐபோனில் பாதி வேகம், 7.5 வாட்தான். 2025-ல் 25 வாட் ரகமும் வந்துவிட்டது. ரயில் பயணத்துக்கு அது தேவையில்லை, சூடுதான் அதிகம். அளவு பத்தாயிரம் போதும். ஒயர் சொருகும் ஓட்டையும் இருக்கவேண்டும். ஆபீஸ் மேஜையில் இருக்கும்போது ஒயரில் போட்டால் சேதாரம் மிச்சம்.

விமானம் ஏறும் பிள்ளைக்கு வாங்குவதானால் டப்பாவில் வாட் அவர் கணக்கு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். 100 வாட் அவருக்குள் இருந்தால் கைப்பையில் விடுவார்கள். பத்தாயிரம் என்பது 37 வாட் அவர்தான். பெரிய பெட்டியில் போட்டு அனுப்ப அனுமதி இல்லை. 2025 ஜனவரியில் தென்கொரியாவில் கிம்ஹே விமான நிலையத்தில் நின்ற ஒரு விமானமே எரிந்து போனது. மேலே சாமான் வைக்கும் இடத்தில் இருந்த பவர் பேங்க்தான் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் சொன்னார்கள்.

மற்ற பேருக்கு, அதாவது ரிச்சி தெருக் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்கு, ஒயர் வைத்த பத்தாயிரம் பவர் பேங்கே போதும். விலை ஏறக்குறைய பாதி. கரண்ட் அதிகம். சூடு குறைவு. முழங்கை நீள ஒயரை ஒரு சாண் ஒயராக மாற்றிக்கொண்டால் ரயிலில் யார் தோளிலும் மாட்டாது.

'இல்லை, ஒட்டுறதுதான் வேணும்' என்பவர் பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யலாம். கடைப்பையனின் போனில் அல்ல, தன் போனிலேயே, கவரோடு, ஒட்டச் சொல்லவேண்டும். ஒட்டிய பிறகு போன் திரையில் சார்ஜ் அடையாளம் வருகிறதா என்று பார்த்துவிட்டு, பத்து நிமிஷம் அங்கேயே நிற்கவேண்டும். எத்தனை சதவீதம் ஏறியது, எவ்வளவு சுட்டது என்று தெரிந்துவிடும்.

"டப்பாவைப் பிரிச்சா திருப்பி எடுக்க மாட்டோம் சார்" என்று பையன் முகத்தைச் சுளித்தால் வருத்தப்படவேண்டாம். பக்கத்துக் கடைக்கு ரிச்சி தெருவில் பஞ்சமா என்ன?