தனித் தட்டு

சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு. இஷாத் தொழுகை முடிந்து அனைவரும் கலைந்த பின்னரும் ஒரு பெரியவர் தூணருகே அமர்ந்திருந்தார். “ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்க வேண்டும்” என்றார். ஆனால் அவர் கேட்டது மார்க்கச் சட்டம் அன்று, மருத்துவம்.

அவருடைய மகனுக்கு நெடுநாள் இருமல். பரிசோதனையில் காசநோய் என்றார்கள். தொடர்ந்து செய்த இரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. கிருமியும் இருப்பது தெரிந்தது. “அவனுக்குத் தட்டு, குவளை எல்லாவற்றையும் தனியாக்கிவிட்டோம். பேரப்பிள்ளையை அவன் பக்கம் விடுவதில்லை. வெளியே ஓர் அறை பார்த்து அவனை வைத்துவிடலாமா?” என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் கலைப் பட்டதாரி. மருத்துவம் பயின்றவன் அல்லேன். ஆகவே இரண்டு நாள் தவணை கேட்டேன். அறிந்த மருத்துவரிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை, பெரியவரின் சம்மதத்துடன், அடையாளம் தெரியாதவாறு இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியை வாய்விட்டுக் கேட்க இயலாத இல்லங்கள் வேறும் இருக்கக்கூடும்.

எச்.ஐ.வி. கிருமி உடலுறவாலும், இரத்தத்தாலும், சுத்தம் செய்யாத ஊசியாலும், தாயிடமிருந்து சேய்க்கும் தொற்றுவது. உணவாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ, கட்டித் தழுவுவதாலோ தொற்றாது. நுரையீரல் காசநோயோ காற்றின் வழியே, இருமலின் வழியே பரவுவது. அதுவும் தட்டினால் பரவுவதன்று. ஆக, நாம் ஒதுக்கி வைக்கும் தனித் தட்டு இவ்விரண்டு நோய்களில் ஒன்றையேனும் தடுப்பதில்லை. நோயாளியின் மனத்தை முறிப்பதைத் தவிர அதனால் வேறு பயன் இல்லை.

இரு நோய்களும் ஒருவரிடமே சேர்வது ஏன்? நம் நாட்டில் பலருடைய உடலில் காசநோய்க் கிருமி உறங்கிக் கிடக்கிறது. உடலின் காவற்படையான வெள்ளணுக்களை எச்.ஐ.வி. அழிக்கும்போது உறங்கியது விழித்துக்கொள்கிறது. உலகெங்கும் எச்.ஐ.வி. உள்ளோரின் உயிரை மிகுதியாகப் பறிப்பது காசநோயே. ஆயினும், அந்தக் காசநோய் குணப்படுத்தத் தக்கது.

இவ்வறிவு எங்கோ தொலைதூரத்தில் மட்டும் பிறந்ததன்று. பூந்தமல்லியிலிருந்து சென்னை செல்லும் நம் நெடுஞ்சாலையின் மறுமுனையில் சென்னை மருத்துவக் கல்லூரி உள்ளது. 1986-ஆம் ஆண்டு அங்கே மாணவியாயிருந்த டாக்டர் நிர்மலா, தம் ஆசிரியை டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் சேகரித்த இரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதே சாலையிலிருந்து சற்றே விலகினால் சேத்துப்பட்டு. அங்கே 1956-இல் தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி மையம், இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என வழங்குகிறது.

அம்மையம் முதன்முதலாக எடுத்துக்கொண்ட ஆய்வு எது தெரியுமா? நம் பெரியவர் கேட்ட அதே கேள்விதான்: நோயாளியை வீட்டில் வைத்துப் பார்க்கலாமா? 193 நோயாளிகளில் ஒரு சாராருக்கு மருத்துவமனையிலும் மறு சாராருக்கு வீட்டிலும் ஓராண்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தோர், நெரிசலான வீடுகளில் வாழ்ந்த ஏழைகள். அப்படியிருந்தும் குணமடைந்ததில் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டில் வைத்திருந்த காரணத்தால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் வெளிவந்த இம்முடிவு, உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை முறையையே மாற்றியது.

பின்னர் எச்.ஐ.வி. உள்ள காசநோயாளிகளைக் குறித்தும் இந்நிறுவனம் ஆராய்ந்தது. வாரத்தில் மூன்று நாள் மருந்து என்பதே அப்போது அரசுத் திட்டத்தின் வழக்கம். அது இவர்களுக்குப் போதுமா என அறிய, 2009 முதல் 2016 வரை 331 பேரிடம் ஆய்வு நடந்தது. அன்றாடம் மருந்து உண்டவர்களில் 100-க்கு 91 பேர் நற்பலன் பெற்றனர். வாரம் மூன்று நாள் உண்டவர்களில் 77 பேரே பெற்றனர். மருந்துக்கு அடங்காத கிருமி தலைகாட்டியதும் மூன்று நாள் முறையில்தான். இன்று அரசு மருத்துவமனைகளில் அன்றாட முறையே நடைமுறையில் உள்ளது, எச்.ஐ.வி.க்கான மருந்தும் 2004 முதல் இலவசம்.

எனவே, நாள் தவறாமல் மருந்து உண்பதே இங்கு உயிர்நாடி. ரமளானில் சிலர் தாமாகவே வேளையை மாற்றுகிறார்கள். சிலர் மருந்தையே நிறுத்திவிடுகிறார்கள். இது பெருந்தவறு. சில காசநோய் மருந்துகளுடன் சேரும்போது எச்.ஐ.வி. மாத்திரையை நாளுக்கு இருவேளை உண்ண நேரிடும். முன்கூட்டியே மருத்துவரைக் கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் வழங்கிய சலுகையை மறுப்பது பேணுதல் ஆகாது.

இன்னொன்று. ஒருவரது நோய்ச் செய்தி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைத் திண்ணையில் பேசுவது புறம் பேசுதலே. 2018-இல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டமும் இந்நோயாளிகளை ஒதுக்குவதைத் தடை செய்கிறது. அவர்களின் இரகசியத்தையும் காக்கிறது. ஊர் வாய்க்கு அஞ்சி மருந்து வாங்கப் போகாமல் நின்றுவிடுவோர் உண்டு. அவர்களுடைய உயிருக்கு நம் நாவும் பொறுப்பு.

பெரியவரிடம் இவற்றைச் சொன்னேன். செய்ய வேண்டியவற்றையும் சொன்னேன்: சன்னலைத் திறந்து வையுங்கள், இருமும்போது வாயை மூடச் சொல்லுங்கள், வீட்டிலுள்ள அனைவரும், குறிப்பாகக் குழந்தை, பரிசோதனை செய்துகொள்ளுங்கள், தேவையெனில் தடுப்பு மருந்து தருவார்கள். தகுந்த மருந்து தொடங்கிய சில வாரங்களில், பெரும்பாலோரிடம் பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். அது எப்போது என்பதை மருத்துவர் கூறுவார்.

சென்ற வாரம் அவரைச் சந்தித்தேன். பேரப்பிள்ளைக்குப் பரிசோதனை முடிந்துவிட்டதாம். “இரவில் மாத்திரையை நானே எடுத்துக் கொடுக்கிறேன், ஹஜ்ரத். பிறகு எல்லோரும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம்” என்றார்.

அல்லாஹ் அவ்விளைஞருக்கும், நோயுற்ற அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக.