நம் பிள்ளையின் வரலாற்றுப் பாடத்தில் தாத்தா எங்கே?



உங்கள் வீட்டில் 10 முதல் 13 வயதுக்குள் ஒரு பிள்ளை இருந்தால், இன்றிரவு சாப்பிடும்போது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "நம் குடும்பம் இந்த நாட்டுக்கு எப்படி வந்தது?" நான் என் மகளிடம் கேட்டேன். அவளுக்கு வயது 11. எகிப்தின் பிரமிடுகளைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவாள். ரோமாபுரி மன்னர்களை வரிசையாக ஒப்பிப்பாள். இந்தக் கேள்விக்கு மட்டும், "கப்பலில் வந்தோம்" என்று முடித்துக்கொண்டாள். பிறகு அவளே கேட்டாள்: "வந்து நாம் என்ன செய்தோம், அப்பா?"

தவறு அவளுடையது அல்ல. அவளுக்கு வீட்டிலேயே பாடம் நடத்துகிறோம். நாங்கள் வாங்கிய வரலாற்றுப் பாடத்திட்டம் அமெரிக்கப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டது. நல்ல புத்தகம்தான். கதைபோலப் போகும், வரைபடம் இருக்கும், காலவரிசை தெளிவாக இருக்கும். ஆனால் அதில் மலாயா எட்டிப் பார்ப்பதே ஜப்பானியர் போரின்போதுதான். பால்மரம் வெட்டியவன் அதில் இல்லவே இல்லை.

சரி, பள்ளிப் பாடநூலில் இருக்கிறானா? அங்கேயும் ஓரிரு பத்தியில் வந்து போகிறான். பிரிட்டிஷார் கூட்டி வந்தார்கள், தோட்டத்தில் வேலை செய்தார்கள் என்பதோடு சரி. 2011இல் 'இண்டர்லோக்' நாவல் பாடநூலானதை எதிர்த்து நாம் குரல் கொடுத்தோம். அது மீட்டுக்கொள்ளப்பட்டது. நம்மை இழிவாக எழுதாதே என்று கேட்கத் தெரிந்த நாம், நம்மைப் பற்றி நம் பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுத்தோம்?

இது வீட்டுக்கல்வி நடத்தும் சிலருக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல. பிள்ளை தமிழ்ப்பள்ளிக்கோ தேசியப் பள்ளிக்கோ போனாலும், வாரத்தில் ஒரு மணி நேரம் வீட்டில் வரலாறு பேச யாருடைய அனுமதியும் தேவையில்லை.

பாடநூலைத் தூக்கி எறியாதீர்கள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அரசாங்கப் பாடநூல் பிடிக்கவில்லை என்று அதை ஒதுக்கிவிடக்கூடாது. ஆண்டு 4இலேயே வரலாறு தனிப்பாடமாக 2014 முதல் நடத்தப்படுகிறது. 2013 முதல் எஸ்.பி.எம். சான்றிதழ் பெற வரலாற்றில் தேர்ச்சி கட்டாயம். தனியார் வேட்பாளராக உட்காரும் வீட்டுக்கல்விப் பிள்ளைக்கும் இதே விதிதான். நம் கோபத்துக்குப் பிள்ளையின் சான்றிதழைப் பலிகொடுக்க முடியாது.

ஆகவே வாங்கிய பாடத்திட்டத்தின் காலவரிசையை முதுகெலும்பாக வைத்துக்கொள்ளுங்கள். பாடநூலையும் பக்கத்தில் வையுங்கள். சுவரில் ஒரு நீளமான தாளை ஒட்டி ஆண்டுகளைக் குறியுங்கள். புத்தகம் சொல்வதை மேலே எழுதட்டும். அதே காலத்தில் இந்த மண்ணில் நடந்ததையும் நம் மக்களுக்கு நடந்ததையும் கீழே எழுதட்டும். மாற்றம் இவ்வளவுதான்.

எங்கே எதைச் சேர்ப்பது?

பழங்கால நாகரிகங்களைப் படிக்கும் மாதத்தில் கெடாவுக்கு ஒரு நாள் போய் வாருங்கள். மெர்போக்கில் உள்ள லெம்பா பூஜாங் அருங்காட்சியகத்தில் மீட்டமைக்கப்பட்ட சண்டிகளைப் பிள்ளை கண்ணால் பார்க்கட்டும். சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அதே வட்டாரத்தில் 2013இல் ஒரு சண்டி இடித்துத் தள்ளப்பட்டதையும் சொல்லுங்கள். காக்காவிட்டால் வரலாறு மண்ணாகிவிடும் என்பது அப்போது புரியும்.

1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்த பாடம் வரும்போது, அந்தத் துறைமுகத்தில் வணிகம் செய்த தமிழர்களைச் சேருங்கள். நைனா சாத்து என்ற வணிகர் போர்த்துகீசியருக்கு உதவினார். அவர்கள் அவரை பெண்டஹாராவாக நியமித்தார்கள். அவர் செய்தது சரியா? தன் சமூகத்தைக் காப்பாற்றினாரா, அடைக்கலம் தந்த நாட்டுக்குத் துரோகம் செய்தாரா? பிள்ளை இரண்டு பக்கமும் வாதாடட்டும். ஏழு வயதில் கதை போதும். பதினோரு வயதில் வாதம் வேண்டும்.

தொழிற்புரட்சிப் பாடத்தில் நீராவி இயந்திரம் வரும், மோட்டார் கார் வரும். காருக்கு டயர் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். 1908இல் ஃபோர்டு மாடல் டி கார் வந்தது. ரப்பருக்கு உலகமே அலைந்தது. அந்த ரப்பருக்காகத்தான் தமிழ்நாட்டுக் கிராமங்களில் கங்காணிகள் ஆள் பிடித்தார்கள். டெட்ராய்ட்டில் கார் ஓடியதற்கும் நம் பாட்டி விடியற்காலையில் பெரட்டுக்கு ஓடியதற்கும் தொடர்பு உண்டு! இதை எந்த அமெரிக்கப் புத்தகமும் எழுதவில்லை என்றால், நாம் ஓரத்தில் எழுதிக்கொள்வோம்.

இரண்டாம் உலகப்போரில் ஹிட்லரோடு நிறுத்தாதீர்கள். 1942-43இல் போடப்பட்ட 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில்பாதையில் மலாயாவிலிருந்து போன தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் செத்தார்கள். போர்க்கைதிகளின் கல்லறைகளில் பெயர் பொறித்திருக்கிறது. நம்மவர் புதைந்த இடமே பெரும்பாலும் தெரியாது. ஏன் இந்த வேறுபாடு என்று பிள்ளையே யோசிக்கட்டும்.

கடாரத்தோடு நின்றுவிடாதீர்கள்

இங்கே நம் மீதே ஒரு குறை சொல்ல வேண்டும். மேடை ஏறினால் நாம் 1025இல் இராஜேந்திர சோழன் கடாரம் வென்றதை முழங்குகிறோம். கைதட்டல் கிடைக்கிறது. ஆனால் 1941 கிள்ளான் போராட்டத்தைப் பற்றி எத்தனை மேடையில் பேசியிருக்கிறோம்?

அந்த ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளம் கேட்டார்கள். தோட்டத் துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவன் என் மகளுக்குச் சோழனைவிட நெருக்கமானவன் என்று நினைக்கிறேன். 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்ட தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியையும் அவள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சோழன் படையெடுத்து வந்தான் என்றால், படையெடுக்கப்பட்டவர்களும் இருந்தார்கள் அல்லவா? கடன் கொடுத்து ஆளைக் கட்டிப்போட்ட கங்காணியும் தமிழன்தானே? லயத்துக்குள்ளும் சாதி பார்த்தது யார்? இவற்றை மறைத்துச் சொன்னால், நாம் குறைகூறும் பாடநூலைப் போலவே நாமும் ஒரு பாடநூல் எழுதுகிறோம். பெருமையை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, வெளியே போய் உண்மையைச் சந்திக்கும்போது நம்மையே நம்பாமல் போய்விடும்.

முதல் ஆவணம் வீட்டு அலமாரியில்

தாத்தாவின் பிறப்புப் பத்திரம், பாட்டியின் சிவப்பு அடையாளக் கார்டு, தோட்டத்துச் சம்பளச் சீட்டு, பழைய கல்யாணப் படம். இவற்றைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். இதை எழுதியவர் யார்? எதற்காக? பெயர் ஏன் இப்படி எழுதப்பட்டிருக்கிறது? பிறகு பாட்டியிடம் போகட்டும். மங்கு என்றால் என்ன, கோட்டுப்பால் என்றால் என்ன, ஆயாக் கொட்டகையில் யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டு எழுதட்டும். பாட்டி சொல்வதும் கார்டில் இருப்பதும் மாறுபட்டால் இன்னும் நல்லது. வரலாற்று ஆய்வு அங்கேதான் தொடங்குகிறது.

சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய பத்திரிகைகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 1941இல் ஆங்கிலப் பத்திரிகை நம் போராட்டத்தை எப்படி எழுதியது என்று பிள்ளையே தேடிப் படிக்கலாம்.

என் அம்மாவுக்கு 78 வயது. போன மாதம் என் மகள் அவரோடு உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினாள். அம்மா பிறந்த தோட்டத்தில் இன்று வீடமைப்புத் திட்டம் நிற்கிறது. தோட்டத்தின் பெயர்கூட மிஞ்சவில்லை. அந்தப் பெயர் இப்போது எங்கள் வீட்டுச் சுவரில், 1950களுக்கு நேராக, ஒரு பிள்ளையின் கையெழுத்தில் இருக்கிறது.

அரசாங்கம் பாடநூலைத் திருத்த வேண்டும் என்று தொடர்ந்து கேட்போம். கேட்பது நம் உரிமை. ஆனால் அதற்குள் நம் பாட்டிகள் காத்திருக்க மாட்டார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்து, பாட்டியின் பக்கத்தில் உட்கார வையுங்கள்.