உங்களுக்குப் பின்னால் வரும் படகு



சென்ற இதழில் பாய்மரப் படகோட்டம் பற்றி எழுதினோம். அதற்கு வந்த கடிதங்களில் பலவும் படகைப் பற்றிக் கேட்கவில்லை. “கூட வேலை பார்ப்பவர் தன்னுடைய யாட் கிளப்புக்கு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். என்ன உடுத்திக்கொண்டு போவது? யாரையாவது கூட அழைத்துப் போகலாமா? பில் யார் கொடுப்பது?” என்றுதான் கேட்டிருந்தீர்கள். சிங்கப்பூர், துபாய், மெல்பர்ன், சென்னை என்று எந்த ஊர்க் கடிதமானாலும் அதில் இருந்த தயக்கம் ஒன்றுதான். கூப்பிட்டவருக்கு நம்மால் தலைகுனிவு வந்துவிடக் கூடாதே என்ற தயக்கம். அது நல்ல தயக்கம். கிளப்புகள் எழுதி வைத்திருக்கும் விதிகள் பெரும்பாலும் அதிலிருந்து பிறந்தவைதாம்.

அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தில் 1720-ல் தொடங்கிய வாட்டர் கிளப், இன்று ராயல் கார்க் யாட் கிளப் என்ற பெயரில் இருக்கிறது. உலகிலேயே பழைய யாட் கிளப் தாங்கள்தான் என்பது அவர்களுடைய பெருமை. அவர்களுடைய பழைய விதிகளைப் படித்துப் பாருங்கள். உறுப்பினர் ஒருவர் அழைத்து வரவேண்டும், அல்லது குறைந்தது ஐந்து உறுப்பினர்கள் கையெழுத்திட்ட சீட்டு வேண்டும். இல்லாவிட்டால் யாரையும் கிளப் அறைக்குள் விடக் கூடாது என்கிறது ஒரு விதி. நீண்ட வால் வைத்த பொய்முடியும் அகலக் கை வைத்த சட்டையும் கூடாது என்கிறது இன்னொன்று. விருந்து கொடுப்பவர் இரண்டு டஜன் புட்டிக்கு மேல் ஒயின் கொண்டுவரக் கூடாது, நீதிபதிகளை அழைத்திருக்கும் நாளில் மட்டும் விலக்கு என்று மற்றொன்று. யார் அழைத்தது, என்ன உடை, எவ்வளவு செலவு என்ற கவலை கிளப்புகளுக்கு முந்நூறு ஆண்டுகளாக இருக்கிறது.

இதில் ‘யார் அழைத்தது’ என்ற முதல் கேள்விதான் முக்கியம். வாசலில் உள்ள வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயரோடு அழைத்தவர் பெயரையும் எழுதுவார்கள். அந்த நிமிடத்திலிருந்து நீங்கள் அவருடைய பொறுப்பு. உடைத்த தம்ளரும் ஊழியரிடம் உயர்த்திய குரலும் அவர் கணக்கில்தான் ஏறும். புகார் வந்தால் கமிட்டியின் கடிதம் அவர் வீட்டுக்குத்தான் போகும். ஆகவே அவர் வருமுன் உள்ளே போய் உட்கார வேண்டாம், அவர் கிளம்பிய பிறகு தங்கவும் வேண்டாம். மைத்துனரையும் கூட்டிக்கொண்டு போகும் எண்ணம் இருந்தால் முன்னதாகவே கேட்டுவிடுங்கள். ஓர் உறுப்பினர் எத்தனை பேரை அழைத்து வரலாம், ஒரே விருந்தாளி மாதத்துக்கு எத்தனை தடவை வரலாம் என்று பல கிளப்புகளில் கணக்கு உண்டு. படம் எடுப்பதையும் கைப்பேசியில் பேசுவதையும் அவரிடம் கேட்டுக்கொண்டு செய்வது நல்லது.

பல கிளப்புகளில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். உறுப்பினர் சீட்டில் கையெழுத்துப் போடுவார், மாதக் கடைசியில் கணக்கு வரும். நம் ஊர் ஓட்டலில் பில்லுக்காக மல்லுக்கட்டுவது அன்பு. அங்கே அப்படிச் செய்தால் பரிமாறுகிறவருக்கும் சங்கடம், அழைத்தவருக்கும் சங்கடம். மனசு கேட்கவில்லை என்றால் அடுத்த வாரம் அவரைக் குடும்பத்தோடு வீட்டுக்குக் கூப்பிட்டு மீன் குழம்பு வைத்துப் போடுங்கள். கணக்கு நேராகிவிடும்.

உடை என்று வரும்போது எனக்குக் கொஞ்சம் கோபமும் வரும். 2014 ஜூலையில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் வேட்டி கட்டிக்கொண்டு ஒரு புத்தக வெளியீட்டுக்கு வந்தார் என்பதற்காகச் சேப்பாக்கத்தில் கிரிக்கெட் சங்கத்தின் கிளப் வாசலிலேயே தடுக்கப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அடுத்த மாதமே சட்டமன்றம் அதற்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது. மும்பையில் 1846-ல் தொடங்கிய ராயல் பாம்பே யாட் கிளப், வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியர்களை உறுப்பினராகவே சேர்க்கவில்லை. இந்தப் பழங்கதைகள் தெரிந்தவர்களுக்கு “உடை விதி” என்றாலே கசப்பது நியாயம்தான். தமிழ்நாட்டுக்குள் வேட்டிக்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. வெளியூரில் “வேட்டியில் வரலாமா?” என்று அழைத்தவரிடம் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதில் தாழ்வு எதுவும் இல்லை. ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு படகில் ஏறப் போகிறீர்கள் என்றால் வேட்டியும் சேலையும் வேண்டாம், கயிற்றிலும் கொக்கியிலும் மாட்டும். மென்மையான, தளத்தில் கறை படியவிடாத ரப்பர் அடிப்பாகம் கொண்ட காலணி போதும். குதிகால் செருப்போடு தளத்தில் நடந்தால் பள்ளம் விழும்.

படகில் ஏறுமுன் கேட்டுவிட்டு ஏறுங்கள். ஏறிய பிறகு உங்கள் கையில் யாராவது கயிற்றைக் கொடுத்தால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். அருகில் இருக்கும் இரும்புக் கொம்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, படகோட்டி சொல்கிறபடி விடுங்கள் அல்லது இறுக்குங்கள். டன் கணக்கில் எடையுள்ள படகை யாராலும் கையால் நிறுத்த முடியாது. படகுக்கும் துறைக்கும் நடுவே காலை மட்டும் நீட்டவே கூடாது. இது மரியாதைக்காகச் சொல்வதில்லை, கால் தப்ப வேண்டும் என்பதற்காக.

உங்களில் சொந்தப் படகிலேயே ஊர் ஊராகப் போகிறவர்களும் இருக்கிறீர்கள். காலியாக இருக்கிறதே என்று கண்ட இடத்தில் படகைக் கட்டிவிடாதீர்கள், அந்த இடத்துக்காரர் சாயங்காலம் திரும்பி வருவார். வானொலியிலோ தொலைபேசியிலோ கேட்டுவிட்டு நுழையுங்கள். இடம் நெருக்கடியான துறைகளில் ஒரு படகோடு இன்னொன்றைச் சேர்த்துக் கட்டுவார்கள். கரைக்குப் போக அடுத்தவர் படகின் மேல் நடந்துதான் ஆகவேண்டும். அப்போது பின்பக்கத்தில் உட்காரும் இடத்தின் வழியாகப் போகாதீர்கள். அது அவர்கள் வீட்டுக் கூடம் மாதிரி, அங்கே சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். முன்பக்கமாக, பாய்மரத்துக்கு முன்னால், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் கடக்க வேண்டும். உங்கள் படகின் பாரம் முழுவதும் உள்ளே கட்டியிருக்கும் படகின் மேல் விழாதபடி முன்னும் பின்னும் கரைக்கு உங்கள் சொந்தக் கயிற்றைப் போடுங்கள். விடியற்காலையில் கிளம்புவதானால் முந்தின ராத்திரியே பக்கத்துப் படகில் சொல்லிவிடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த மரியாதை ஒன்று உண்டு. பாயை ஏற்றி இறக்கும் கயிறு, காற்றடித்தால் அலுமினியப் பாய்மரத்தில் மோதி டக் டக் என்று இரவெல்லாம் அடித்துக்கொண்டே இருக்கும். அந்தப் படகுக்காரருக்கு அது பழகிப்போன சத்தம். சுற்றிலும் இருக்கிற படகுகளில் ஒருவருக்கும் தூக்கம் வராது. படுக்கப் போகுமுன் ஒரு துண்டுக் கயிற்றால் அதை மரத்திலிருந்து விலக்கி இழுத்துக் கட்டினால் போதும், ஒரு நிமிட வேலை. யாரும் பார்க்கப் போவதில்லை, நன்றி சொல்லப் போவதும் இல்லை. துறையில் நல்ல விருந்தாளி யார் என்பதை நான் இதைக் கொண்டுதான் முடிவு செய்வேன்.

ஒரு கிளப்பின் உறுப்பினர் இன்னொரு ஊர்க் கிளப்பின் வசதிகளைப் பயன்படுத்திக்கொள்ள இரு கிளப்புகளும் ஒப்பந்தம் செய்துகொள்வது உண்டு. உறுப்பினர் அட்டையோடு உங்கள் செயலாளரின் அறிமுகக் கடிதத்தையும் கொண்டுபோவது வழக்கம். ஒரு கடிதம் என்ன செய்யும் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு கதை உண்டு. சென்னைத் துறைமுகத்தில் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பை 1911-ல் தொடங்கிய சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், துறைமுகக் கழகத் தலைவராக இருந்தவர். அடுத்த ஆண்டு, ஒரு கணிதப் பேராசிரியரின் பரிந்துரைக் கடிதத்தோடு விண்ணப்பித்த ராமானுஜன் என்ற இளைஞருக்கு அவருடைய அலுவலகத்தில்தான் எழுத்தர் வேலை கிடைத்தது. போன இடத்தில் உங்கள் கிளப்பின் முக்கோணக் கொடியைக் கொடுத்து அவர்களுடையதை வாங்கி வருவதும் பழைய வழக்கம். பல கிளப்புகளின் சுவர் நிறைய அப்படிச் சேர்ந்த கொடிகள்தாம்.

விருந்தாளிக்கும் கிளப்புக்கும் இடையிலான இந்த நல்லுறவு எவ்வளவு எளிதில் கெடும் என்பதற்கு அமெரிக்கா கோப்பை என்ற பாய்மரப் படகுப் போட்டியின் கதை இருக்கிறது. அயர்லாந்துப் பிரபு டன்ரேவன் 1893-லும் 1895-லும் கோப்பைக்குப் போட்டியிட நியூயார்க் போனார். நியூயார்க் யாட் கிளப் அவரைக் கௌரவ உறுப்பினராக்கியிருந்தது. 1895-ல் வேடிக்கை பார்க்க வந்த படகுகளின் நெரிசலைப் பற்றி அவர் சொன்ன குறை நியாயமானதுதான். ஆனால் தோற்ற பிறகு, எதிர்ப்படகான ‘டிஃபெண்டர்’ திருட்டுத்தனமாக எடை ஏற்றியது என்று பழி போட்டார். கிளப் விசாரணை நடத்தியது, குற்றச்சாட்டு நிற்கவில்லை. அவரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. கௌரவ உறுப்பினர் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள்.

அந்தக் கசப்பு ஆறுமுன், 1899-ல் அடுத்த விருந்தாளி வந்தார். தேயிலை வியாபாரி தாமஸ் லிப்டன். இலங்கையில் ஹப்புத்தளைக்குப் பக்கத்தில் தம்பேதென்ன தோட்டத்தில் நம் மக்கள் பறித்த கொழுந்தில் வளர்ந்தது அவர் செல்வம். அந்த உழைப்பின் கதையைத் தனியாக எழுத வேண்டும், எழுதுவோம். இங்கிலாந்தின் ராயல் யாட் ஸ்குவாட்ரன் கிளப் அந்தக் கடைக்காரரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதனால் ராயல் அல்ஸ்டர் யாட் கிளப்பின் பெயரில் போட்டியிட்டார். 1899, 1901, 1903, 1920, 1930 என்று ஐந்து முறை ‘ஷாம்ராக்’ படகுகளோடு போய் ஐந்து முறையும் தோற்றார். ஒரு முறைகூட யார் மேலும் பழி சொல்லவில்லை. வென்றவர்களை மனதாரப் பாராட்டினார். 1930-ல் நடிகர் வில் ரோஜர்ஸ் ஆளுக்கு ஒரு டாலர் அனுப்பச் சொல்ல, அமெரிக்க மக்கள் பணம் சேர்த்து அவருக்குத் தங்கக் கோப்பை கொடுத்தார்கள். மறு ஆண்டு ராயல் யாட் ஸ்குவாட்ரனும் அவரைச் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபரில் அவர் காலமானார்.

லிப்டனைப் போல நல்ல பெயரோடு திரும்பினால் உங்களுக்குப் பின்னால் வரும் படகுக்கும் வரவேற்பு கிடைக்கும். ஊர் திரும்பியதும் அழைத்தவருக்கு இரண்டு வரி எழுதுங்கள். ஒப்பந்தக் கிளப்பில் தங்கினீர்கள் என்றால் அதன் செயலாளருக்கும் எழுதுங்கள். எதையாவது உடைத்திருந்தால் அவர்கள் கண்டுபிடிக்குமுன் நீங்களே சொல்லிவிடுங்கள். படகுத்துறையில் கயிறு வாங்கிக் கட்டிய பையனின் பெயர் நினைவிருந்தால் அதையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள். மேலிடத்திலிருந்து ஒரு நல்ல சொல் வருவது அவனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும்.

உங்களில் யாட் கிளப் உறுப்பினர்களாக இருப்பவர்கள், உங்கள் கிளப்பில் விருந்தாளிக்கு என்ன வழக்கம் என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்