குடோனில் இந்தச் சூளை வேண்டாம்

'பிட்காயின்' என்னும் கணினி நாணயம் எடுக்கும் இயந்திரத்தைக் குடோனில் வைத்தால் உட்கார்ந்த இடத்தில் வருமானம் என்று நம் பிள்ளைகள் சிலர் சொல்கின்றனர். கணக்குப் பார்த்தே கொள்முதல் செய்வது நம் மரபு.

'ஆண்ட்மைனர் எஸ்19 புரோ' இயந்திரம் ஒன்று 3,250 வாட் இழுக்கும். இரவு பகலாக ஓடினால் நாளுக்கு 78 யூனிட். அத்தனையும் வெப்பமாகவே வெளியேறும். இவ்வகை இயந்திரங்கள் பலவற்றுக்கு உள்ளே இழுக்கும் காற்று 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. கத்திரி வெயிலில் நம் கம்மாபுரத்தில் நிழலே அந்த அளவைத் தொடும். தகரக் கூரைக் குடோனைக் கேட்கவே வேண்டாம்! சூடு மீறினால் இயந்திரம் தானே நின்றுவிடும். மாவுத் தூசியும் மிளகாய்த் தூசியும் விசிறியை அடைத்தால் இன்னும் சீக்கிரம் நிற்கும். பழைய ஒயரிங்கில் இத்தனை பளு ஏற்றினால், சாக்கும் எண்ணெய் டின்னும் அடுக்கிய இடத்தில் தீ விபத்துக்கும் வழியாகும். விருத்தாசலம் பீங்கான் சூளைக்குச் சூடு வேண்டும், இதற்கு ஆகாது.

நாணயத்தை விற்ற லாபத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 சதவீத வரி. இயந்திரக் கட்டமைப்புச் செலவை அதில் கழிக்க முடியாது என மத்திய அரசு நாடாளுமன்றத்திலேயே கூறியுள்ளது. 2024 ஏப்ரலில் கிடைக்கும் நாணயமும் பாதியாகிவிட்டது.

ஆகவே, சரக்குக் குடோன் சரக்குக்கே இருக்கட்டும் என்பதே நம் கருத்து.